பொறுக்கி எறிந்த கல்

கார்டன் ரீச் என்றால் இங்கே பிழைக்க வந்த நமக்கெல்லாம் ரயில்வே தலைமையகம்தான் ஞாபகம் வரும். பழைய பெயர் பி.என்.ஆர்., பெங்கால் நாக்பூர் ரயில்வே. ஆனால் ரயிலுக்கு முன்பே இந்த ஹூக்ளிக் கரை வழியாக ஜனங்கள் கப்பலேறிப் போயிருக்கிறார்கள். சூரினாம் காட் இங்கேதான் இருக்கிறது. 2015-ல் அங்கே நினைவுச் சிலைகூட வைத்தார்கள்.

மொரீஷியஸுக்கு 1834-ல் 'அட்லஸ்' கப்பலில் போன 36 ஒப்பந்தக் கூலிகளும் கல்கத்தாவிலிருந்து போனவர்கள். பிறகு சென்னையிலிருந்து நம்மவர்களும் போனார்கள். அந்தத் தீவே எரிமலை கக்கியது. கரும்பு நட வேண்டுமானால் முதலில் கல் பொறுக்கணும். முதுகொடியப் பொறுக்கிக் குவித்த பசால்ட் கல்மேடுகள் இன்றும் கரும்புக் காட்டுக்குள் பிரமிடு மாதிரி நிற்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், மழையில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்தோடிச் சத்திழந்த அந்த மண்ணில், பின்னாளில் பசால்ட்டையே தூளாக்கிப் போட்டுப் பார்த்தார்கள். டி வில்லியர்ஸ் என்பவர் 1961-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஹெக்டேருக்கு 20 டன்னுக்கு மேல் கல்தூளும் வழக்கமான உரமும் சேர்த்த இடத்தில், உரம் மட்டும் போட்டதைவிட ஐந்து அறுவடைகளில் 30% வரை கூடுதல் விளைச்சல்!

கல் எப்படிங்க மருந்தாகும்? கரியமில வாயு கரைந்த மழைநீர் சிலிக்கேட் தூளை மெல்ல அரிக்கிறது. அதில் மண்ணின் அமிலம் செலவாகி, கால்சியம், மக்னீசியம், சிலிக்கா எல்லாம் வெளியே வருகின்றன. நெல்லுக்கு சிலிக்கா ரொம்பப் பிடிக்கும். உமி சொரசொரப்பதே அதனால்தான். சுண்ணாம்பு இதைவிட வேகம், உண்மை. ஆனால் அமில மண்ணில் அது கரியமில வாயுவை வெளியே விடும்.

பழைய பி.என்.ஆர். பாதை போகும் சத்தீஸ்கரில், சிறு விவசாயிகளின் நெல் வயலில் பசால்ட் தூள் போடும் மாட்டி கார்பன் நிறுவனம் 2025 ஏப்ரலில் எக்ஸ்பிரைஸ் போட்டியில் 5 கோடி டாலர் முதல் பரிசு வாங்கியது. பரிசு கரியமில வாயுவைப் பிடித்ததற்கு. விவசாயிக்குக் கவலை மண்ணைப் பற்றித்தான்.

எனக்கு முதலில் தோன்றுவது லாரிக் கணக்கு. ஹெக்டேருக்கு 20 டன் என்றால் ஏக்கருக்கு எட்டு டன். குவாரி பக்கத்தில் இல்லாவிட்டால் டீசலே லாபத்தைத் தின்றுவிடும். நிக்கல், குரோமியம் சோதிக்காத தூளை வயலில் கொட்டவும் கூடாது. இங்கே புருலியா, பாங்குரா செம்மண்ணிலும் அமிலம் உண்டு. ராஜ்மஹால் பசால்ட்டையோ பாகூரில் ஜல்லியாக உடைத்துத் தண்டவாளத்துக்கு அனுப்புகிறார்கள். உடைக்கும்போது மிஞ்சும் தூளைச் சோதித்து, இந்த நெல் வயல்களில் நாலு பாத்தியில் போட்டுப் பார்க்கலாம்.