தங்கமும் தராசும்

1906-ஆம் வருஷம், அமெரிக்காவில் நெவாடா பாலைவனத்திலுள்ள கோல்ட்ஃபீல்டு என்ற ஊரில், ஒரு பாங்கியின் ஜன்னலில் இருபது டாலர் தங்கக் காசுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மொத்தம் முப்பதாயிரம் டாலருக்கு மேல். பூமியில் தங்கம் அகப்பட்டதால் நாலே வருஷத்தில் முளைத்த ஊர் அது. அதன் பெயரை உலகமெல்லாம் தண்டோராப் போட டெக்ஸ் ரிக்கார்டு என்ற மதுக்கடைக்காரர் கண்ட உபாயம், ஒரு குத்துச்சண்டைப் பந்தயம். ஜன்னலில் இருந்தது அதன் பரிசுப் பணம்.

மோத இருந்தவர்களில் ஜோ கான்ஸ், பால்டிமோர் நகரத்துக் கறுப்பர். 1902-ல் ஃப்ராங்க் எர்ன் என்பவரை ஒரே சுற்றில் வீழ்த்தி, லைட்வெயிட் பிரிவில் உலக சாம்பியன் ஆனவர். எதிரி பாட்லிங் நெல்சன், டென்மார்க்கில் பிறந்த வெள்ளையர்; எத்தனை அடி விழுந்தாலும் முன்னேறி வருகிற ஆசாமி. சாம்பியனுக்குத்தானே பெரிய பங்கு என்று நாம் நினைப்போம். நெல்சனின் மானேஜர் பில்லி நோலன் அப்படி நினைக்கவில்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் நெல்சனுக்குச் சுமார் 23,000 டாலர், கான்ஸுக்கு 11,000 என்றார். கான்ஸ் கையெழுத்துப் போட்டார்.

ஏன் போட்டார்? நம் வீட்டு ஸ்திரீகளுக்குத் தெரிந்த வித்தைதான். புடவைக் கடையை விட்டு நாலடி நடந்தால்தான் கடைக்காரன் திரும்பக் கூப்பிடுவான். நோலன் நடக்கத் தயாராக இருந்தார், கான்ஸால் முடியாது. கையில் காசில்லை. 1900-ல் சிக்காகோவில் டெர்ரி மக்கவர்னிடம் அவர் தோற்றது முன்கூட்டிப் பேசிவைத்த தோல்வி என்ற அபவாதம் வேறு. போதாக்குறைக்கு, அவர் கறுப்பர். அந்த நாட்டில், அந்தக் காலத்தில், இந்த ஒரு சந்தர்ப்பத்தை விட்டால் இன்னொன்று வருமென்று யார் சொல்ல முடியும்?

நோலன் பணத்தோடு நிற்கவில்லை, தராசுக்கு வந்தார். எடை 133 ராத்தலுக்கு மேல் போகக் கூடாது. சண்டையன்றைக்கே நிறுக்க வேண்டும். அதுவும் ஒரு முறையல்ல, மூன்று முறை. உடுப்பு, பூட்ஸ், கையுறை எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. எடைப் பிரிவு என்பதே சிறிய உடம்புக்காரனைப் பெரியவன் அடித்து நொறுக்காமலிருக்க ஏற்பட்ட தர்மம். ஆனால் எடையை எப்போது நிறுப்பது, எதைப் போட்டுக்கொண்டு நிறுப்பது என்று சொல்லுகிற உரிமை ஒருவன் கைக்குப் போய்விட்டால், அந்தத் தர்மமே ஆயுதமாகிவிடும். முந்தின நாள் நிறுத்தால், அப்புறம் தண்ணீரும் ஆகாரமும் உட்கொண்டு தேறிக்கொள்ளலாம். அன்றைக்கே மூன்று முறை என்றால், நாக்கு வறண்டுதான் மேடை ஏற வேண்டும். கோவில் துலாபாரத்தில் தட்டில் ஏறுகிறவர் தம் எடைக்கு எடை காணிக்கை கொடுக்கிறார். கான்ஸ் கொடுத்தது தம் சதையையே.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2013-ல் மேவெதரும் அல்வாரெஸும் மோதிய பிரிவின் வரம்பு 154 ராத்தல். ஒப்பந்தத்தில் எழுதியது 152. இளையவரும் பருமனானவருமான அல்வாரெஸ்தான் அந்த இரண்டு ராத்தலைக் கரைக்க வேண்டியிருந்தது. மேவெதர் இல்லாவிட்டால் அந்தப் பணமும் இல்லையே! ஆனாலும் அல்வாரெஸ் முந்தின நாள் நிறுத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். கான்ஸுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

செப்டம்பர் 3-ஆம் தேதி, பாலைவன வெயிலில் சண்டை ஆரம்பித்தது. சுற்றுக்கு எல்லை இல்லை, ஒருவர் விழுகிறவரைக்கும். கான்ஸ் நிதானமாக, கணக்காக அடித்தார். பிற்பகுதியில் வலக்கை உடைந்தது. அதை வெளிக்காட்டாமல் இடக்கையால் சமாளித்தார். நாற்பத்திரண்டாம் சுற்றில், ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து, நெல்சன் இடுப்புக்குக் கீழே குத்தினார். மத்தியஸ்தர் ஜார்ஜ் சைலர் கான்ஸுக்கே வெற்றி என்று தீர்ப்பளித்தார். வாசலில் வசூல் எழுபதினாயிரம் டாலரை எட்டியது. ஜெயித்தவருக்கு அப்போதும் பேசிய 11,000-தான்.

1908-ல் இருவரும் மறுபடி இரண்டு முறை மோதினார்கள். இரண்டிலும் கான்ஸ் தோற்றார். 1910-ல் க்ஷயரோகத்தால் இறந்தபோது அவருக்கு வயது 35. எடைக்காக உடம்பை உலர்த்தியதுதான் எமனாயிற்று என்றவர்கள் உண்டு. க்ஷயம் கிருமியால் வருவது. ஆனால் வற்றிப்போன உடம்பு அதற்குச் சுலபமான வீடு என்பதும் வைத்தியர்கள் சொல்லுவதுதான்.

பாலைவனத்தில் சம்பாதித்த பணத்தைக் கொண்டு அவர் பால்டிமோரில் ஓர் ஓட்டல் நடத்தினார். இளைஞரான யூபி பிளேக் அங்கே பியானோ வாசித்தார். ஓட்டலுக்குக் கான்ஸ் வைத்த பெயர், கோல்ட்ஃபீல்டு.