சாவுக்குப் பிறகு வரும் சட்டம்

கருக்கலைப்பில் ஒரு பெண் இறந்தால் 'போலி மருத்துவர் கைது' என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அவள் ஏன் அரசு மருத்துவமனைக்குப் போகவில்லை என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பார்வைக்கு வயது 160க்கு மேல்.

1860இல் வெள்ளையர் அரசு கொண்டுவந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆவது பிரிவு, பெண்ணின் உயிரைக் காக்கச் செய்தாலன்றி, கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளிதான். அவள் இறந்தால் 314ஆவது பிரிவின்படி கலைத்தவருக்குப் பத்தாண்டுவரை சிறை. தண்டிக்கத் தெரிந்த சட்டத்துக்குச் சாவைத் தடுக்கத் தெரியவில்லை.

1863இல் பூனாவில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் வேறு பதில் சொன்னார்கள். மறுமணம் மறுக்கப்பட்டு, கருவுற்றுத் தவித்த பார்ப்பன விதவைகள் பாதுகாப்பாகப் பிள்ளை பெற ஓர் இல்லம் திறந்தார்கள். குற்றவாளி அந்தப் பெண் அல்ல, சாதி ஒழுக்கம்தான் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. 1938இல் கருத்தடை வசதியை அரசே தர வேண்டுமென்று அம்பேத்கர் தரப்பு பம்பாய் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது.

அரசு சாவுகளைக் கணக்கில் எடுக்க 1964 ஆனது. அப்போது அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையில் பிறந்ததுதான் 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். ஆனால் அது தந்தது உரிமை அல்ல, விதிவிலக்கு. முடிவு மருத்துவர் கையில். கருத்தடை தோற்றுப்போனதைக் காரணமாகச் சொல்லவும் திருமணமான பெண்ணுக்கு மட்டுமே அனுமதி.

2021இல் அந்த வாசகம் திருத்தப்பட்டது. 20 முதல் 24 வாரம்வரை கலைக்கும் வாய்ப்பு மணமாகாத பெண்களுக்கும் உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் இந்தியாவில் நாளொன்றுக்குச் சுமார் 8 பெண்கள் சாகிறார்கள் என்று அதே ஆண்டு ஐ.நா. மக்கள்தொகை நிதியம் சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோ பழைய 312ஐ 88ஆவது பிரிவாக அப்படியே வைத்துக்கொண்டது.

தோழர்களே, ஒன்றை மனதில் வையுங்கள். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் போதும்; கணவன் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. இருந்தும் மருத்துவமனையில் கேட்கிறார்கள். கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறிப் போன சேரிப் பெண் அந்தக் கையெழுத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டால், அடுத்து எங்கே போவாள்? அவள் இறந்த பிறகு கலைத்தவரைத் தேடுவதற்கு முன், திருப்பி அனுப்பியவர் யார் என்று கேளுங்கள்.