முதுகுத்தண்டின் வளைவு: மருத்துவ வரலாறு புகட்டும் பாடம்

 

மனிதனை நிமிர்ந்து நிற்கும் அழகிய அமைப்பில் படைத்தவன் அல்லாஹ். அந்த நிமிர்வைத் தாங்குவது முதுகுத்தண்டு. பின்னாலிருந்து நோக்கினால் நேராகத் தோன்ற வேண்டிய அத்தண்டு, சில பிள்ளைகளுக்குப் பக்கவாட்டில் வளைந்து முறுக்கிக்கொள்கிறது. இதனை மருத்துவர்கள் ஸ்கோலியோசிஸ் என்பர். முன்னோக்கிக் குனியும் கூன் வேறு, இப்பக்கவளைவு வேறு. நம் மக்களோ இரண்டையும் கூன் என்றே அழைத்து, விதியென்று விட்டுவிடுகின்றனர். பெண்பிள்ளையாயின் மறைத்தும் விடுகின்றனர். இந்நோயை மனித சமுதாயம் புரிந்துகொண்ட வரலாற்றை அறிந்தால், இது எத்துணைப் பெரிய இழப்பு என்பது விளங்கும்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பிறந்த கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்கள், நோயாளியைப் பலகையில் கிடத்தி இருபுறமும் இழுத்து, முதுகை அழுத்தும் முறையைக் கூறுகின்றன. ஸ்கோலியோசிஸ் என்ற பெயரை வழங்கியவர் 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன். அரபு நூல்கள் இவரை ஜாலினூஸ் என்கின்றன. இவ்வறிவு 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்றோரால் அரபு மொழிக்கு வந்தது.

முஸ்லிம் மருத்துவர்கள் இதனை மேலும் வளர்த்தனர். இப்னு சீனா (980-1037) தமது 'அல்கானூன்' நூலில் முதுகு வளைவை 'ஹதபா' என்ற தலைப்பில் ஆராய்ந்து, முன்புற வளைவு, பின்புற வளைவு, பக்கவளைவு எனப் பிரித்துக் காட்டினார். குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, 30 பகுதிகள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதியான அறுவை மருத்துவத்தில், இடம் பெயர்ந்த முதுகெலும்புகளைச் சீராக்கும் இழுவைப் பலகையை விவரித்தார். துருக்கியின் அமாஸ்யா நகர மருத்துவர் ஷரஃபுத்தீன் ஸபுன்ஜுஓக்லு 1465இல் எழுதிய அறுவை நூலில் இத்தகைய சிகிச்சைகளை வண்ணப் படங்களாகவே வரைந்து வைத்தார். முதுகு வளைவை அவர்கள் சாபமாகக் கருதி ஒதுக்கவில்லை. மருத்துவம் தேட வேண்டிய நோயாகவே கண்டனர்.

ஆயினும் இழுத்து நிமிர்த்திய முதுகு, விட்டதும் மீண்டும் வளைந்தது. வலிமையால் ஆகாதது காலத்தால் ஆகக்கூடும் என்பதை முதலில் உணர்ந்தோருள் ஒருவர் 16ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் அம்புரோஸ் பாரே. பிள்ளைகளுக்கு இரும்புக் கவசம் அணிவித்த அவர், வளரும் உடலுக்கு ஏற்ப அதனை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்றும், வளர்ச்சி முடிந்தபின் அதனால் பயனில்லை என்றும் கூறினார்.

பின்னர் வந்த ஒவ்வொரு முன்னேற்றமும் இவ்வுண்மையையே உறுதிப்படுத்தியது. 1865இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ், பிள்ளையை முன்னோக்கிக் குனியச் செய்து முதுகைப் பார்க்கும் எளிய சோதனையை விளக்கினார். 1895இல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது. 1948இல் ஜான் காப் வளைவைப் பாகையில் அளக்கும் முறையை வகுத்தார்; 10 பாகையும் அதற்கு மேலும் இருப்பதே நோய் எனப்படும். 1962இல் பால் ஹாரிங்டன், உலோகத் தண்டு பொருத்தி நிமிர்த்தும் அறுவையை வெளியிட்டார். அவரிடம் வந்தோரில் பலர் போலியோவால் முதுகு வளைந்த பிள்ளைகள். தடுப்பு மருந்தின் பயனாய் இந்தியாவில் 2011க்குப் பின் இயற்கையான போலியோ வைரஸால் அந்நோய் தோன்றவில்லை என்பது நன்றிக்குரியது. 2013இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வொன்று, கவசம் அணிந்த பிள்ளைகளில் 72 விழுக்காட்டினரும், அணியாதோரில் 48 விழுக்காட்டினரும் அறுவை தேவைப்படும் அளவை எட்டாமல் வளர்ச்சியை நிறைவு செய்தனர் என்று காட்டியது. அணியும் நேரம் கூடக்கூடப் பயனும் கூடியது.

நமது தமிழகத்திலும் இவ்வறிவு வளர்ந்தது. முதுகெலும்பைக் காசநோய் அரித்தால் கூன் விழும். அதற்கான மருந்துகள் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுகளில் சோதிக்கப்பட்டன. அவ்வாறு குணமடைந்த பிள்ளைகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வை, கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2001இல் வெளியிட்டார். காசநோய் நீங்கிய பின்னரும், உடல் வளர வளரச் சிலருக்குக் கூனும் வளர்ந்தது. இது பக்கவளைவினின்று வேறான நோய்தான். எனினும் பாடம் ஒன்றே. பிள்ளை வளர்ந்து முடியும்வரை முதுகின்மேல் கண் இருக்க வேண்டும்.

இங்கேதான் நம் வீடுகளின் நிலை கவலை தருகிறது. பெரும்பாலான பக்கவளைவுகள் 10 வயதிற்குப் பின் விரைந்து வளரும். சிகிச்சை வேண்டும் அளவிற்கு முற்றுவது பெண்பிள்ளைகளிடமே பன்மடங்கு அதிகம். பெரும்பாலும் வலி இராது. அதே வயதில்தான் நாணத்தின் காரணமாய்ப் பிள்ளையின் முதுகை எவரும் பார்ப்பதில்லை. திருமணப் பேச்சு வரும்போது வளைவு தெரிகிறது. அப்பொழுதோ கவசத்தின் காலம் கடந்துவிடுகிறது. நாணம் ஈமானின் பண்பு. ஆனால் தாயோ பாட்டியோ தனியறையில் மகளின் முதுகைப் பார்ப்பதற்கு நாணம் தடையன்று.

கால்களைச் சேர்த்து, உள்ளங்கைகளை இணைத்து, பிள்ளையை முன்னோக்கிக் குனியச் சொல்லுங்கள். பின்னாலிருந்து பாருங்கள். விலாவின் ஒருபக்கம் மறுபக்கத்தைவிட உயர்ந்திருந்தாலோ, நிற்கையில் தோள்கள் ஏற்றத்தாழ்வாய் இருந்தாலோ, முடநீக்கியல் மருத்துவரிடம் காட்டுங்கள். எடப்புளி நாடு முதலான கொல்லிமலை ஊர்களில் வாழ்வோர் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி நாமக்கல் அல்லது சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருக்கும். பயணம் கடினம்தான், காலம் தவறினால் பின்னர் மேற்கொள்ள வேண்டிய அறுவை அதனினும் கடினம். முதுகை இழுத்து நெரிக்கும் வைத்தியத்தை நாட வேண்டாம்.

பெரும்பாலானோருக்கு இந்நோயின் காரணம் இன்னும் கண்டறியப்படவில்லை. கிரகணமோ, கண்ணேறோ, தாயின் குறையோ காரணமென்று பழிப்பது பாவம். புத்தகப் பையும் இதனை உண்டாக்குவதில்லை. கவசம் அணிந்த பிள்ளையை மதரஸாவில் எவரும் கேலி செய்யாதிருக்க ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். முதுகு வளைந்த பெண்ணைத் திருமணத்திற்கு ஆகாதவள் என்று ஒதுக்கும் வழக்கத்தை ஜமாஅத்தார் கைவிட வேண்டும்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். இயன்றதை உரிய காலத்தில் செய்துவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டுவதே தவக்குல். வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தை அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.