உலோகத்தின் சோர்வும் இருதயத்தின் வாயிலும்

விழுப்புரம் சந்திப்பிலிருந்து திண்டிவனம் செல்லும் இரயிலின் அச்சும், செயற்கை இருதய வால்வும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. ஒருமுறை தாங்கும் பளுவை உலோகம் பலகோடி முறை தாங்குவதில்லை. 1842இல் வெர்சாய் அருகே எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஜெர்மானியரான வோலர், அச்சுகளைச் சோதித்து இச்சோர்வுக்குக் கணக்கு வகுத்தார்.

இருதயமோ ஆண்டுக்கு 3.5 கோடி முறைக்கு மேல் துடிக்கிறது. இரத்தம் இருதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரல் வழியே இடப்புறம் சேர்வதை விளக்கியவர், ஹிஜ்ரி 687இல் (கி.பி. 1288) மறைந்த இப்னு நஃபீஸ். அப்பாதையின் வால்வுகளை வாதக் காய்ச்சல் சிதைத்தால் செயற்கை வால்வு தேவையாகிறது.

ஷைலி நிறுவனத்தின் பியோர்க்-ஷைலி வால்வுகளுள் ஒருவகை, 1986இல் விலக்கப்படும் வரை சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. பற்றவைத்த தாங்குகம்பி நூற்றுக்கணக்கானோருக்கு முறிந்தது. அவர்களுள் பெரும்பாலோர் இறந்தனர்.

இறக்குமதி வால்வை வாங்க இயலாத நம் நாட்டு ஏழைகளுக்காகத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உழைத்தனர். மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன் சட்டம் ஒரே உலோகத் துண்டிலிருந்து கடையப்பட்டது, பற்றவைப்பே இல்லை.

பொருளைச் சிறு கூறுகளாகப் பகுத்துத் தகைவைக் கணினியால் கணக்கிடும் முறைக்குப் பேராசிரியர் கிளஃப் 1960இல் பெயர் சூட்டினார். வால்வைச் செய்யுமுன்னரே தகைவு குவியும் இடத்தை இன்று அதனால் காணலாம். ஆயினும் வட்டு பிசகி மூடிக் கம்பியை இடிக்கக்கூடும் என எண்ணாதவர்க்குக் கணினியும் அதைச் சொல்லாது. ஆகவேதான் கோடிக்கணக்கான முறை திறந்து மூடிப் பார்க்கும் இயந்திரச் சோதனையை எவரும் கைவிடவில்லை.