புறக்காழும் அகக்காழும்

ஆந்திர எல்லையில் உள்ள தடாவுக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரியும், வடமேற்கே சற்றுத் தொலைவில் சேஷாசல மலைகளும் இருப்பதால், ஓடைக்கரை நாணலும் மலைச்சரிவின் செம்மரமும் இன்று திருப்பதி என்னும் ஒரே மாவட்டத்துத் தாவரங்களாகிவிட்டன. இரண்டும் பூப்பவை என்றாலும், தேனீயை அழைக்கும் செம்மரத்தின் மஞ்சள் பூ அவரைப்பூவின் சாயலில் இருக்க, நாணலின் வெண்கதிரைப் பிரித்தால் இதழ் என்று சொல்ல எதுவுமே இல்லை. பட்டு மயிர்களுக்கு நடுவே மகரந்தப்பைகள் மெல்லிய இழைகளில் தொங்க, இறகு போன்ற சூல்முடி காற்றில் வரும் தூளைப் பிடித்துக்கொள்கிறது.

தொல்காப்பியத்தின் மரபியல் இவ்விரண்டையும் பூவைக் கொண்டு பிரிக்கவில்லை. காழ், அதாவது வைரம், தண்டின் புறத்தே இருந்தால் புல் என்றும் அகத்தே இருந்தால் மரம் என்றும் அது வகுத்ததால், வெளிறிய புறக்கட்டைக்குள் கருஞ்சிவப்பு வைரம் பாய்ந்த செம்மரம் ஒருபுறமும், நாணல், மூங்கில், பனை, தென்னை ஆகியவை மறுபுறமும் நின்றன. உறுப்புப் பெயர்களிலும் பூவும் அரும்பும் மரத்துக்கே சொல்லப்பட, புல்லுக்கு ஓலை, ஈர்க்கு, பாளை, குலை என்பவை கிடைத்தன. தச்சனின் உளி அறிந்த பிரிவு இது. ஒருவித்திலைத் தாவரங்களை அன்றே கண்டறிந்துவிட்டதாகப் பெருமை பேச வேண்டியதில்லை. எனினும் அத்தாவரங்களின் தண்டில் ஆண்டுதோறும் உட்கட்டையைச் சேர்க்கும் வளர்திசு இல்லாமையும், பனையில் நார்க்கற்றைகள் வெளிப்புறத்தே நெருங்கி நிற்பதும் அந்தப் பிரிவுக்கு இயற்கையிலேயே இடம் தந்தன.

ஐரோப்பாவில் 1682இல் ஜான் ரே வித்திலைகளின் எண்ணிக்கையைக் கணக்கில் கொண்டபோதும், மரத்தையும் பூண்டையும் வேறாக வைக்கும் பழைய வழக்கத்தை விடவில்லை. லின்னேயஸ் மகரந்தத்தாள்களை எண்ணி வகுத்த முறையில் பனையினம் சரியாகப் பொருந்தாமல் 1753இல் வந்த அவருடைய நூலின் பிற்சேர்க்கைக்குப் போயிற்று.

சட்டம் இவை எதையும் பொருட்படுத்தவில்லை. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலையும் பனையினத்தையும் மரம் என்ற வரையறைக்குள் அடக்கியதால், காட்டுக்கு வெளியே தன் நிலத்தில் வளர்ந்த மூங்கிலை வெட்டிக் கொண்டுசெல்லவும் உழவர் அனுமதி பெற வேண்டியிருந்தது. 2017இல் வந்த திருத்தம் மூங்கிலை அந்த வரையறையிலிருந்து நீக்கியது. மரபியல் புல் என்ற பனையோ அதே வரையறையில் இன்னும் மரமாகவே இருக்கிறது.