மாடம் இல்லாத குன்றில் ஓர் இலையுதிர்காலம்

உயர்ந்த இடத்தில் ஏறி நின்று தொலைவை நோக்கிப் பாடுதல் சீனக் கவிதை மரபில் தனித்ததொரு துறையாகும். ஆண்டின் ஒன்பதாம் திங்கள் ஒன்பதாம் நாளில் குன்றேறி, செவ்வந்தி மது அருந்தி, பிரிந்திருக்கும் சுற்றத்தாரை நினைப்பது அந்நாட்டார் வழக்கம். அவர்கள் கணக்கில் ஏழு, எட்டு, ஒன்பதாம் திங்கள்கள் இலையுதிர்காலம். கோடை வெள்ளம் வடிந்து, ஆறு கரைக்குள் அடங்கி, வானம் தெளியும் பருவம் அது. இவ்வாறு ஏறிப் பாடுதற்குரிய இடங்களுள் பெரும்புகழ் பெற்றது, இன்றைய வூகான் நகரில் யாங்சி ஆற்றின் கரையிலுள்ள பாம்புக் குன்றின்மேல் எழுந்த மஞ்சள் நாரை மாடம். கோபுரம் என்றும் இதனைச் சொல்வர். எனினும், படியேறி நின்று காட்சி காணுதற்கு அமைந்த பலநிலைக் கட்டடம் ஆதலின், மாடம் என்னும் சொல்லே பொருந்துவதாகும்.

இம்மாடம் முதலில் கவிஞர்க்காக எழுந்ததன்று. கி.பி. 223இல் வூ நாட்டரசன் சுன் சுவான் ஆற்றங்கரையில் கோட்டை அமைத்தபோது, பாறை முனையில் காவல் மாடமாக இது எழுந்தது என்பது மரபு. பகைவர் படகுகளைப் பார்த்தற்கென அமைந்த இடத்திலிருந்து, பின்வந்தோர் நண்பரின் படகுகளைப் பார்த்தனர். தெய்வத்தன்மை பெற்ற ஒருவர் மஞ்சள் நாரைமேல் ஏறி இவ்விடத்தினின்று பறந்தார் என்னும் கதை பெயருக்கு விளக்கமாயிற்று. பாறையின் பழம்பெயரே திரிந்து மாடத்தின் பெயராயிற்று என்பாரும் உளர்.

தாங் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், சுயி ஹாவ் என்னும் கவிஞர் இம்மாடத்தைப் பற்றி எட்டடிப் பாட்டொன்று இயற்றினார். ஏழு சொல் அளவிலான தாங் காலப் பாட்டுகளுள் அதுவே முதன்மையானது என்று சோங் காலத் திறனாய்வாளர் யான் யூ மதிப்பிட்டார். பெருங்கவிஞர் லீ பாய் மாடத்திற்கு வந்து, சுயி ஹாவின் பாட்டைக் கண்டு, இனித் தாம் எழுத ஒன்றுமில்லை எனத் தூரிகையைக் கீழே வைத்துச் சென்றார் என்றொரு கதை இன்றும் வழங்குகிறது. இனிய கதைதான், ஆனால் வரலாறு அதற்கு உடன்படவில்லை. நண்பர் மெங் ஹாவ்ரானுக்கு விடைகொடுத்த பாட்டு, மாடத்தில் குழலிசை கேட்ட பாட்டு என லீ பாய் இவ்விடம் பற்றிப் பாடியவை பல. ஒரு கவிஞரின் பெருமைக்காக மற்றொருவரை வாய்மூடச் செய்வது கதையின் இயல்பு. உண்மையில் இரு குரல்களும் ஒரே மாடத்தில் ஒலித்தன.

இனி நாம் கருதவேண்டிய இலையுதிர்காலம் 1170ஆம் ஆண்டினது. சோங் காலக் கவிஞர் லூ யூ, மேற்கே குய்சோ என்னும் ஊரில் பதவி ஏற்கும்பொருட்டு, குடும்பத்துடன் யாங்சி ஆற்றில் பல திங்கள் படகுப் பயணம் மேற்கொண்டார். நாள்தோறும் குறிப்பும் எழுதிவந்தார். எட்டாம் திங்கள் இருபத்தெட்டாம் நாள், குன்றேறும் விழாவுக்கு ஏறத்தாழப் பத்து நாள் இருக்கையில், இளம் புலவர் ஒருவருடன் பாம்புக் குன்றின் கல்லாடி மண்டபத்தில் ஏறி நாரை மாடத்தைத் தேடினார். மாடம் இல்லை, அது நின்ற அடையாளமும் இல்லை. பெயர்ப்பலகையின் எழுத்து மட்டும் கல்லில் எஞ்சியிருந்தது. முதிய அலுவலர் ஒருவரை வினவினார். கல்லாடி மண்டபத்திற்கும் தென்மாடத்திற்கும் இடையில், கிளித்தீவுக்கு நேரெதிரே நின்றது என்று அவர் கூறினார். அவ்வளவே லூ யூவுக்குப் போதுமாயிற்று. அங்கு நின்று நோக்கியவர், நண்பரின் படகு தொலைவில் மறைவதை லீ பாய் பாடிய திறத்தை எண்ணிப் பார்த்தார். தொலைவு மலைகளின் முன்னே பாய்மரம் தோன்றும் அழகு, ஆற்றில் நெடுநாள் சென்றவர்க்கன்றி விளங்காது என்று குறித்துவைத்தார். மாடம் அழிந்த பின்னும் மாடத்துக் காட்சி அழியவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

காட்சியும் முற்றும் நிலையானதன்று. லூ யூ கண்ட கிளித்தீவு, 198இல் கொலையுண்ட எழுத்தாளர் மீ ஹெங்கின் நினைவைத் தாங்கியது. கிளியைப் பற்றி அவர் புனைந்த நூலினின்றே தீவு பெயர்பெற்றது. மிங் காலத்தில் ஆற்று வெள்ளம் அத்தீவைக் கரைத்துவிட்டது. மாடமோ மீண்டும் மீண்டும் எழுந்தது. மீண்டும் மீண்டும் வீழ்ந்தது. 1868இல் எழுந்த மூன்றுநிலை மாடம் 1884இல் நெருப்புக்கு இரையாயிற்று. அதன் உச்சியிலிருந்த செப்புக் கலசம் மட்டும் எஞ்சியது. 1907இல் அருகே வேறொரு மாடம் எழ, அதனையே நாரை மாடம் எனப் பலர் மயங்கினர். 1911 அக்டோபர் 10 அன்று வூசாங் நகரில் புரட்சி வெடித்தபோது, புரட்சிப்படையினர் பாம்புக் குன்றில் பீரங்கிகளை நிறுத்தி ஆளுநர் மாளிகையைத் தாக்கினர். காவலுக்கென அமைந்த குன்று, ஓர் இலையுதிர்கால இரவில், பேரரசொன்றின் முடிவுக்குத் தொடக்கமாயிற்று.

1957 அக்டோபரில் யாங்சியின் குறுக்கே முதற்பெரும் பாலம் திறக்கப்பட்டது. பாம்புக் குன்றையும் எதிர்க்கரை ஆமைக் குன்றையும் இணைக்கும் அப்பாலம், மாடத்தின் பழைய நிலத்தை எடுத்துக்கொண்டது. ஆதலின் 1981இல் தொடங்கி 1985இல் நிறைவுற்ற இன்றைய மாடம், பழைய இடத்தினின்று ஏறத்தாழ 1,000 மீட்டர் தள்ளி நிற்கின்றது. உயரம் 51.4 மீட்டர், வெளித்தோற்றத்தில் ஐந்து நிலைகள், மரத்திற்கு மாற்றாகக் கம்பிக் காரை, உள்ளே மின்தூக்கி. இதனை உண்மை மாடம் எனலாமா என்று கேட்போர் உளர். இடம் வேறு, பொருள் வேறு, அளவு வேறு, கேள்வி நேர்மையானதே. ஆயின் இக்கேள்வியை 1868இன் மாடத்திடமும் கேட்டல் வேண்டும். அதுவும் சுயி ஹாவ் ஏறிய மாடமன்று. படைத்தேவை மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. அதன் பின்னும் மக்கள் கல்லும் மரமும் சுமந்து குன்றேறியதற்கு அப்பாட்டுகளே பெருங்காரணம். மாடத்தைப் பாட்டு பாடிற்று. பின்னர்ப் பாட்டே மாடத்தைக் கட்டிற்று.

எனினும், பாட்டு தனியே இதனைச் செய்துவிடவில்லை என்பதையும் எண்ணவேண்டும். 1170இல் அம்முதியவர் இடத்தை நினைவில் வைத்திராவிடின், லூ யூ வெறுங்குன்றைக் கண்டு திரும்பியிருப்பார். லூ யூ அன்றன்று எழுதி வைத்திராவிடின், அம்முதியவரின் சொல்லும் நமக்குக் கிட்டியிராது. கவிஞர்களின் பெயரை உலகம் அறியும். அம்முதியவரின் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தில் பாடியோர் பலர். கூட்டங்களின் நாளையும் இடத்தையும், வந்தோர் பெயரையும், படித்த பாட்டையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தோர் சிலர். இம்மலரில் அச்சிலரின் பெயர்களும் இடம்பெறுதல் வேண்டும்.