திருவெறும்பூர்க் கொதிகலனும் ஐந்து மொழிகளும்

திருச்சி-தஞ்சாவூர்ச் சாலையில் திருவெறும்பூரில் உள்ள பெல் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை, செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1970களில் அமெரிக்காவின் கம்பஸ்ஷன் இன்ஜினியரிங் நிறுவனத்தின் வடிவமைப்பும் திருச்சிக்கு வந்தது. உலையின் நான்கு மூலைகளிலும் பர்னர்களை வைத்து, நடுவே ஒரே தீப்பந்தைச் சுழலவிடும் முறை அது. அதற்குத் துணையாக வந்ததுதான், மின்நிலையக்காரர்கள் இன்றும் எஃப்.எஸ்.எஸ்.எஸ். என்று சொல்லும் உலைக் காப்பு அமைப்பு.

அதன் வேலை கறாரானது. நெருப்பு மூட்டும் முன் ஐந்து நிமிடம் உலைக்குள் காற்றைச் செலுத்தி, தங்கிய வாயுவை வெளியேற்ற வேண்டும். இதுதான் பர்ஜ். அது முடியாமல் எண்ணெய் வால்வு திறக்காது. எரியும்போது சுடர் அணைந்தால் எரிபொருள் முழுவதும் அந்த நொடியே அடைபட வேண்டும். தொடக்ககாலப் பேனல்களில் இதையெல்லாம் செய்தவை ரிலேக்கள். பிறகு மின்னணு அட்டைகள். நிபந்தனை ஒன்றை மாற்ற வேண்டுமானால் கம்பிகளைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது.

கம்பியை நிரலாக்கியது பி.எல்.சி. என்ற நிரல்படுத்தக்கூடிய தர்க்கக் கட்டுப்பாட்டுக் கருவி. ரிலேக்களுக்கு மாற்று வேண்டும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் 1968இல் கேட்டதற்கு விடையாக, டிக் மார்லியின் குழு 1969இல் மோடிகான் 084ஐக் கொடுத்தது. ரிலே வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன் புதிதாக எதையும் கற்க வேண்டாம் என்பதற்காகவே லேடர் வரைபடம் அதன் மொழியானது. ஆம், இல்லை என்ற இரண்டே விடை உள்ள டிரிப் (அவசர நிறுத்த) தர்க்கத்துக்கு அதைவிடத் தெளிவான எழுத்து இன்றுவரை வரவில்லை.

ஆனால் கொதிகலன் ஆம், இல்லை என்பதோடு நிற்பதில்லை. நீரும் நீராவியும் பிரியும் டிரம்மின் நீர்மட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். மின்தேவை திடீரென ஏறினால் நீராவி வேகமாக வெளியேறும், அழுத்தம் குறையும், நீருக்குள் இருக்கும் குமிழிகள் பால் பொங்குவது போல விரியும். உள்ளே நீர் குறைந்துகொண்டிருக்க, மட்டமானியோ உயர்வைக் காட்டும். அதை மட்டும் நம்பும் கட்டுப்பாடு, நீர் மிகவும் தேவைப்படும் நேரத்தில் வால்வை மூடிவிடும். அதனால்தான் மட்டம், நீராவி ஓட்டம், ஊட்டுநீர் ஓட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் முறை பிறந்தது. இதைப் பெட்டிகளும் கோடுகளுமாக வரையும் 'சாமா' வரைபடம், கணினி வருவதற்கு முன்பே கருவிப் பொறியாளர்களுக்குப் பழக்கம். ஃபங்ஷன் பிளாக் மொழி அந்தப் படத்தையே நிரலாக்கியது. பெல்லின் பெங்களூரு மின்னணுப் பிரிவு, மெட்சோ நிறுவனத்தின் கூட்டுறவோடு மின்நிலையங்களுக்குக் கொடுத்த மேக்ஸ்டிஎன்ஏ கட்டுப்பாட்டு அமைப்பிலும் தர்க்கம் பிளாக்குகளால் கட்டப்படுவதே.

எண்ணெய் பர்னரை ஏற்றுவது வேறு வகை வேலை. எண்ணெய் தெளிக்கும் கன் முன்னேற வேண்டும், எண்ணெயை நுண்துளியாக்கும் நீராவி திறக்க வேண்டும், பொறி எழ வேண்டும், எண்ணெய் வால்வு திறக்க வேண்டும், குறித்த நொடிகளுக்குள் ஸ்கேனர் சுடரைக் காண வேண்டும்; காணாவிட்டால் எல்லாம் பின்வாங்க வேண்டும். லேடரில் எழுதினால் 'இப்போது எந்தப் படியில் நிற்கிறோம்' என்பது நினைவக பிட்டுகளுக்குள் ஒளிந்துகொள்ளும். பழுது தேடுபவருக்கு அது பெரும் தொல்லை. கார்ல் ஆடம் பெட்ரியின் வலைப்படங்களை ஒட்டி 1977இல் பிரான்சில் உருவான கிராஃப்செட், படிகளையும் அடுத்த படிக்குப் போகும் நிபந்தனைகளையும் வெளிப்படையாக வரைந்தது. சீக்வென்ஷியல் ஃபங்ஷன் சார்ட் அதன் வாரிசு.

நீராவி ஓட்டத்தை அளக்க, அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலம் கண்டு, வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் ஏற்பத் திருத்த வேண்டும். லேடரில் இது பல படிகள். பாஸ்கல் சாயலுடைய ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் ஓரிரு வரிகள். ஐந்தாவதான இன்ஸ்ட்ரக்ஷன் லிஸ்ட், அசெம்பிளி மொழி போன்றது. நினைவகம் விலை உயர்ந்திருந்த காலத்தின் பிள்ளை.

இந்த ஐந்தையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1993இல் வெளியிட்ட 1131-3 தரம். இன்றைய எண் 61131-3. ஒரு நிறுவனத்தின் கருவிக்கு எழுதிய நிரல் இன்னொன்றிலும் ஓடும் என்ற நம்பிக்கை அரைகுறையாகவே நிறைவேறியது. மொழி ஒன்றானாலும் கோப்பு வடிவங்களும் நூலகங்களும் ஒன்றாகவில்லை. 2013இல் வந்த மூன்றாம் பதிப்பு பொருள்நோக்கு நிரலாக்கத்தைச் சேர்த்தது. இன்ஸ்ட்ரக்ஷன் லிஸ்டை வழக்கொழியும் பட்டியலில் வைத்தது.

பெல்லுக்கு அருகே துவாக்குடியில் 1964இல் தொடங்கி, 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமான பொறியியல் கல்லூரி போன்ற இடங்களிலிருந்து வரும் தலைமுறைக்கு, சி மொழிக்குப் பழகிய கையோடு ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் எளிதாகவே வரும். இருந்தும் உலையைக் காக்கும் டிரிப் தர்க்கத்தில் அதற்கு இடம் குறைவு. பாதுகாப்பு அமைப்புகளுக்கான 61511 தரம் முழுச் சுதந்திர மொழிகளையும் கட்டுப்படுத்தப்பட்ட மொழிகளையும் பிரித்துப் பார்க்கிறது. லேடரும் ஃபங்ஷன் பிளாக்கும் இரண்டாம் வகை. சோதித்து உறுதிசெய்ய எளிது என்பதால், பர்ஜும் எரிபொருள் துண்டிப்பும் பெரும்பாலும் இவ்விரண்டிலேயே எழுதப்படுகின்றன.